தும்மல்காரியும் வக்கீல் வீட்டு மூட்டைகளும்

அன்புள்ள மூத்த மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கையும் இருக்கிறோம். நலமாக என்று எழுத வந்தவன் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன், இடையில் செருகலாமா என்று யோசித்தேன், இப்படியே இருக்கட்டும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அந்தப் பலம் முழுவதும் இப்போது வாய்க்குப் போயிருக்கிறது. எனக்கு விரல் இடுக்குகளில் ஒரே அரிப்பு, மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார், பரவாயில்லை. உன் தங்கை உனக்குப் போன் செய்திருப்பாள், அல்லது இன்றோ நாளையோ செய்வாள். அப்பா என் வேலையைக் கெடுத்துவிட்டார் என்று அவள் சொன்னால் அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததை வரிசையாக நான் சொல்லி நீ கேட்க வேண்டும் என்று ஆசை. போனில் என்றால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாக்கியத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறாள், மீதிப் பாதியை நானே விழுங்கிவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

சின்னவள் அந்தப் பள்ளியில் இன்னும் தற்காலிக ஆசிரியைதான் என்பது உனக்குத் தெரியும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இந்தத் தடவை நிர்வாகக் குழுவில் அவள் பெயரை நிரந்தரத்துக்கு வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், தலைமையாசிரியை தன் வாயாலேயே சொன்னாராம். அதே மூச்சில், இனி வகுப்புக்கு ஒரு நூலகம் இருக்க வேண்டும், உங்கள் ஆறாம் வகுப்பில்தான் தொடக்கம், குழுவில் இருப்பவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னாராம். அவள் அன்று வீட்டுக்குள் வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் அப்போது திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துப் பழைய மாத்திரைக் குப்பிகளில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா, உங்களை மாதிரி அடுக்கத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க, நீங்க வந்துதான் ஆகணும் என்றாள். நான் தயங்கினேன், எனக்குப் பிள்ளைகளோடு பழக்கம் இல்லை, கல்லூரியில்கூட நான் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தியவன் என்று நீயே கேலி செய்வாய். உன் அம்மாதான் என்னைக் கிளப்பினாள். போங்க, போய்ப் பொண்ணுக்கு ஒத்தாசையா இருங்க, கொஞ்ச நாளைக்காவது இந்த வீட்டுல ஒரு டப்பா தன் இஷ்டத்துக்குத் திறந்து கிடக்கட்டும் என்றாள்.

வகுப்பு மாடியில் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே பஸ் பழுது பார்க்கும் பட்டறை, நாள் முழுக்க யாராவது ஒரு இன்ஜினைக் கத்த வைத்துக்கொண்டிருப்பார்கள். அறைக்குள் நீளமான ஓர் இரும்பு அலமாரி, நான்கு தட்டு, கதவு உண்டு, பூட்டு இல்லை. வெளியே வராந்தாவில் கை கழுவும் தொட்டி, இரண்டு குழாய், ஒன்றில்தான் தண்ணீர் வரும். இவ்வளவுதான் நம் நூலகத்துக்கு இடம். வீட்டில் இருக்கும் நல்ல புத்தகங்களைப் பள்ளிக்குக் கொடுத்து உதவுங்கள் என்று பெற்றோருக்கும் தெருக்காரர்களுக்கும் தலைமையாசிரியை எழுதி அனுப்பினார். நல்ல என்ற சொல்லை யாரும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். அம்மா, வந்த பெட்டிகளில் இருந்ததைக் கேள். விடைகளைப் பென்சிலால் குறித்துவைத்த தேர்வுக் கையேடுகள், எந்தக் காலத்திலோ முடிந்துபோன வருடத்து டைரிகள், மாட்டுக்கு வரும் குளம்பு நோய் பற்றி ஒன்று, துணி துவைக்கும் மெஷினோடு இலவசமாக வரும் விளக்கப் புத்தகம் மூன்று. அது போகட்டும், வெறும் முட்டாள்தனம். சமையல் புத்தகம் ஒன்றில் எண்ணெய் உறைந்து பக்கங்கள் ஒரே கட்டியாகிவிட்டன, அந்தக் கட்டிக்குள் யாருடைய தலைமுடியோ நீளமாக ஓடியது. ஒரு கதைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தது புண்ணில் ஒட்டி எடுத்த பிளாஸ்திரி. இன்னொன்றை விரித்தால் கரப்பான் ஒன்று காலெல்லாம் பரப்பி அழுந்திக் காய்ந்து கிடந்தது, நான் செடிகளை அட்டையில் ஒட்டிப் பாடம் பண்ணி வைப்பேனே அதைப் போல அத்தனை நேர்த்தியாக. நகத் துண்டுகளும் இருந்தன, யாரோ படித்துக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் எல்லாரும் மரியாதைப்பட்டவர்கள். பெட்டியை இறக்கிவிட்டு, ஏதோ எங்களால ஆனது சார் என்று கைகூப்பிவிட்டுப் போனார்கள். குப்பைக்காரனுக்குக் கொடுக்கக் கூசுவதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கும்பிடும் வாங்கிக்கொண்டு போகிறார்களே என்று எனக்கு நெஞ்செல்லாம் கசந்தது. வாயைத் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. நன்றி என்றுதான் சொன்னேன்.

பிள்ளைகளை நான் தவறாக எண்ணியிருந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று பயந்தேன், அவர்களோ புதையல் தோண்டுகிற மாதிரி பெட்டியில் விழுந்தார்கள். ஐயே, ச்சீ, டேய் இங்க பாருடா பல்லி முட்டை என்று கூச்சல். என்னைத் தாத்தா சார் என்று கூப்பிட்டார்கள். தாத்தா என்றால் டீச்சருக்குக் கோபம் வருமோ, சார் என்றால் எனக்குத் தூரமாக இருக்குமோ என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டார்களாம், இந்த விளக்கத்தைச் சொன்னவன் மேனேஜர் என்று மற்றவர்கள் அழைக்கும் ஒரு பையன். இன்னொருத்தி தும்மல். அவளுக்கு அந்தப் பெயரில் பெருமைதான். தூசி சிறிது பட்டாலும் அடுக்கடுக்காகத் தும்முவாள், அதையும் வாயில் மடித்த கையை வைத்து மரியாதையாகத் தும்முவாள். இரண்டாம் நாளே பிள்ளைகள் ஒரு முறை கண்டுபிடித்துவிட்டார்கள், சந்தேகமான புத்தகம் என்றால் அதைத் தும்மலிடம் நீட்டுவது, அவள் தும்மினால் கழிவு, தும்மாவிட்டால் துடைப்பதற்கு. எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நாங்கள் மேசைகளை வரிசையாகப் போட்டோம், முதல் மேசையில் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவது, அடுத்ததில் உலர்ந்த துணி, பிறகு வராந்தா வெயிலில் விரித்து வைப்பது, கடைசியில் கிழிசலுக்கு மெல்லிய தாள் ஒட்டுவது. அந்த மேசைகளுக்கு நடுவே நடந்தபோது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் நல்லெண்ணம் வந்தது.

அடுக்குவதில் மட்டும் என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பாடவாரியாக எண் போட்டு ஒரு திட்டம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். மேனேஜர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, தாத்தா சார், இது உங்களுக்கு நல்லா இருக்கு, எங்களுக்கு எந்தப் புத்தகம் எங்கேன்னு எப்படித் தெரியும் என்றான். அவர்கள் பழக்கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்த பிளாஸ்டிக் கூடைகளில் தாங்களே பெயர் எழுதி ஒட்டினார்கள். தனியா இருக்கும்போது படிக்கக் கூடாது என்று ஒரு கூடை, பேய்க் கதைகளுக்கு. சிரிச்சா டீச்சர் பார்ப்பாங்க என்று ஒன்று. நிஜமா நடந்தது என்று ஒன்று. படம் மட்டும் பாத்தாலும் போதும் என்று ஒன்று, அதில் என் பங்குக்குக் கடல் மீன்கள் பற்றிய ஒரு பெரிய புத்தகம் போயிற்று. ஒருவன் புத்தகம் எடுத்தால் தன் பெயர் எழுதிய அட்டையை அந்த இடத்தில் செருகிவிட்டுப் போக வேண்டும், அந்த ஒரு யோசனை என்னுடையது, அதை ஏற்றுக்கொண்டார்கள். கழித்தது போகத் தேறியவை அலமாரியில் இரண்டு தட்டுக்கே போதவில்லை. ஆனாலும் அறைக்கு வந்து பார்த்த உன் தங்கை, அப்பா, இவங்க மதிய இடைவேளைக்கு வெளியவே போகலை என்று மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அதற்கு மறுநாள்தான் வக்கீல் வீட்டு மூட்டைகள் வந்தன. அவர் நிர்வாகக் குழுவில் முக்கியமானவர், அவர் தலையசைத்தால்தான் மற்றவர்கள் தலையசைப்பார்கள் என்று உன் தங்கை சொல்லியிருந்தாள். புத்தகத்துக்கு முன்னால் பெயர்ப்பலகை வந்தது, காலஞ்சென்ற அவருடைய அப்பாவின் பெயர் பித்தளையில். அலமாரி முழுவதும் அந்தப் பெயரில் இருக்க வேண்டுமாம். பின்னாலேயே டிரைவர் ஏழெட்டுச் சாக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து போட்டார், போட்ட கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார். பழைய வழக்குகளின் தீர்ப்புத் தொகுப்புகள், கனமான தோல் அட்டை. கார் கொட்டகையில் கூரை ஒழுகும் மூலையில் எத்தனை மழைக்காலம் கிடந்தனவோ. அட்டைகள் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை, எலி மூத்திரத்தின் நெடி, விரித்தால் நடுத்தையலிலிருந்து வெள்ளிப்பூச்சிகள் சிதறி ஓடின. கல்லூரியில் நான் அத்தனை காலமும் பூஞ்சையைத்தானே நடத்தினேன், கண்ணாடித் தகட்டில் அதைப் பார்த்து அழகு என்று சொல்லியிருக்கிறேன். அன்று என் கையில் அது ஈரமாக, கொழகொழவென்று ஒட்டியபோது கையைச் சாக்கில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தலைமையாசிரியை மட்டும் வாசலில் நின்றபடியே, எவ்வளவு பெரிய மனசு சார் அவருக்கு என்றார். உள்ளே வரவில்லை. இதெல்லாம் பதினொரு வயதுப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம்தானா என்று நான் கேட்க நினைத்தேன், அவர் போன பிறகு கேட்டேன், சுவரைப் பார்த்து.

உன் தங்கை, அப்பா, மேல மட்டும் துடைச்சு வரிசையா வச்சிடுங்க, ஒரே ஒரு நாள் அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும் என்று கெஞ்சினாள். சரி என்றேன். நான் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாக ஆரம்பித்தேன். தும்மல் சும்மா இருக்கவில்லை. தாத்தா சாருக்கு உதவி செய்ய வேண்டும் என்று நான் திரும்பிய நேரத்தில் ஒரு மூட்டையின் வாயைத் தானே பிரித்துத் தலையை உள்ளே விட்டிருக்கிறாள். தும்மினாள், தும்மினாள், பிறகு தும்மல் நின்று இழுப்பு வந்தது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், மேனேஜர்தான், டேய் சிரிக்காதீங்கடா, அவ உதடு நீலமா இருக்கு என்று கத்தினான். அவள் அப்பா எதிர்ப் பட்டறையில் வேலை செய்பவர், ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதும் கிரீஸ் கையோடு ஓடி வந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மருத்துவமனையில் மூக்கில் மருந்துப் புகை பிடிக்க வைத்து, சாயங்காலம்தான் அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்படாதே. நானும் உன் தங்கையும் பார்க்கப் போனோம். அவள் அப்பா எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, புத்தகம் படிச்சா அறிவு வரும்னு சொல்வாங்க, எம் பொண்ணுக்கு மூச்சு போயிருக்கும்ல சார் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு யாரும் பேசிக்கொள்ளாமலே வேலை நடந்தது. பிள்ளைகள் வகுப்பில் இல்லாத நேரத்தில் நானும் பியூனும் மூட்டைகளைக் கட்டிக் கீழே இறக்கினோம். உன் தங்கை பார்த்தாள், தடுக்கவில்லை. பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, சார், இதை ஏத்தினா என் தராசை நான் குளிப்பாட்டணும் என்று வெறுங்கையோடு போய்விட்டார். கடைசியில் பின்சுவர் ஓரம் குப்பைத் தொட்டி பக்கத்தில் வைத்தோம். அதை வக்கீலின் டிரைவர் பார்த்துவிட்டார். அன்றே வக்கீல் வந்தார், படியேறி வரும்போதே குரல் முன்னால் வந்தது. எங்கப்பா கையால தொட்ட புத்தகம் சார், ஒவ்வொரு பக்கத்துலயும் அவர் கோடு போட்டிருக்கார், அதைக் குப்பையில போட உங்களுக்கு மனசு எப்படி வந்தது, உங்களுக்கெல்லாம் புத்தகம்னா என்னன்னு தெரியுமா என்றார். அவர் குரல் உடைந்தது, அது நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. நான் மன்னிக்க வேண்டும் என்று சொன்னேனா, இல்லை உதடு மட்டும் அசைந்ததா, நினைவில்லை. தும்மல் பெண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. உன் தங்கைதான், நாளைக்கே எல்லாம் திரும்ப அலமாரியில இருக்கும் சார் என்று வாக்குக் கொடுத்தாள். வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னபோது, அப்பா மேல அவ்வளவு பாசம் இருக்கிறவர் அதைக் கார் கொட்டகையில ஏன் போட்டாராம், காரு நனையாம இருக்க மூட்டையை ஓட்டைக்கு நேரா வச்சிருப்பார் என்றாள். உன் தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள்தான் குழுவினர் வந்து பார்க்கும் திறப்பு விழா, நான் போனபோது அந்தப் புத்தகங்கள் உள்ளே இருந்தன. நான்கு தட்டும் அவைதான். பளபளக்கும் பரிசுத் தாளில் உறை போட்டு, மேலே பூ வாசனை ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். அந்த வாசனையும் உள்ளிருந்து வருகிற எலி நாற்றமும் கலந்து ஒரு புது நாற்றம், செத்ததைச் சீவிச் சிங்காரித்து உட்கார வைத்த மாதிரி. பிள்ளைகளின் கூடைகள் கடைசி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடப்பட்டிருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் தங்கை என் முகத்தைப் பார்க்காமல், விழா முடியற வரைக்கும் தும்மலைப் பக்கத்து வகுப்பில உட்கார வச்சிடலாம்பா, நடுவில தும்மிட்டா நல்லா இருக்காது என்றாள். நாங்கள் வளர்த்த பெண்ணா இது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டேன், ஏனென்றால் நிரந்தரமில்லாத வேலையில் ஒவ்வொரு வருடமும் பல்லைக் கடித்தது அவள், நான் அல்ல. ஆனாலும் தும்மல் தன் பையை எடுத்துக்கொண்டு, டீச்சர், நான் மூக்கைப் பிடிச்சுக்கிறேனே என்று கேட்டபடி வெளியே போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அருவருப்பு எந்தச் சோப்புக்கும் போகவில்லை அம்மா.

விழாவில் வக்கீல் நன்றாகப் பேசினார். அப்பாவின் கோடுகளைப் பற்றிப் பேசினார். பேச்சின் உருக்கத்தில், இதோ இந்தப் புத்தகத்தில்தான் என்று தானே ஒன்றை உருவி, உறையைக் கிழித்து, விரித்தார். பக்கங்கள் விரியவில்லை, இரண்டு கைகளாலும் இழுத்தார், ஈரமான அப்பளத்தைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து பாதியாகப் பிளந்தது. வெள்ளிப்பூச்சி அவருடைய வெள்ளைச் சட்டைக் கைக்குள் ஓடிற்று. புத்தகத்தை மேசை மேல் விட்டெறியாத குறையாக வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார், அந்தக் கைக்குட்டையையும் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். கை கழுவணுமே என்றார். அந்தக் குழாயில் அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் மெல்லியதாக வடிந்தது, அதனால் வாளியிலிருந்து குவளையால் மொண்டு ஊற்றியவன் நான். சோப்பு நீட்டியவனும் நானே. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்று பார்த்தார்கள், பக்கத்து வகுப்பு வாசலில் தும்மலும். அவர் முழங்கை வரை சோப்புப் போட்டார், மோந்து பார்த்தார், மறுபடியும் போட்டார். துடைத்துக்கொண்டே தலைமையாசிரியையிடம், அலமாரிக்கு ஒரு நல்ல பூட்டா வாங்கிப் போடுங்க, பசங்க கை வச்சா அழுக்காயிடும் என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். குவளையைக் கீழே வைத்தேன். சார், அந்தப் புத்தகத்தை ஒரு தடவை தொட்டதுக்கு நீங்க ரெண்டு தடவை சோப்பு போட்டீங்க, அது இருக்கிற அறையில இந்தப் பிள்ளைங்க தினமும் மூச்சு விடணும் சார் என்றேன். அவ்வளவுதான். கத்தவில்லை, கத்த எனக்கு வராது. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது என்று நினைத்தேன், ஆனால் வராந்தா முழுவதும் கேட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், துண்டை என் தோள் மேல் போட்டார், படியிறங்கிப் போனார். பின்னாலேயே தலைமையாசிரியை ஓடினார். நான் வாளியின் விளிம்பில் உட்காரப் போனேன், மேனேஜர் ஸ்டூல் கொண்டுவந்தான்.

அதன் பலன் உடனே வந்தது. உங்கள் அப்பா எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டால்தான் உங்கள் பெயர் குழுவுக்குப் போகும் என்று தலைமையாசிரியை உன் தங்கையிடம் சொல்லிவிட்டார். வீட்டில் அவள் என்னோடு பேசவில்லை. உன் அம்மா வழியாக, அப்பாவைச் சாப்பிடச் சொல்லும்மா, அப்பாகிட்ட சாவியைக் கேளும்மா என்று இரண்டடி தூரத்திலிருந்து செய்தி அனுப்பினாள். ஒருநாள் தாங்காமல், நல்லா இருந்துச்சுப்பா, இத்தனை வருஷம் யார்கிட்டயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர், அதை என் சம்பளத்துல ஆரம்பிச்சீங்க என்றாள். நான் மேசைக்குப் போய் மன்னிப்புக் கடிதத்தை எழுதினேன். நல்ல நடையில், மரியாதை குறையாமல், வக்கீலுக்கு மனவருத்தம் ஏற்படும்படி பேசியதற்கு வருந்துகிறேன் என்று. அவளிடம் கொடுக்கும்போது ஒன்று சொன்னேன், நான் பேசியது பிள்ளைகள் எதிரில், அதனால் இதையும் அவர்கள் எதிரில் ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை. அதில் சூழ்ச்சி இருந்ததாக உன் அம்மா சொல்கிறாள். என் மனதில் அப்படி எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் என் மனதைப் பற்றி நான் சொல்வதை நானே முழுக்க நம்புவதில்லை.

அவள் படித்திருக்கிறாள். தும்மல் அன்று தன் இடத்தில், முதல் பெஞ்சில் இருந்திருக்கிறாள், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு. இரண்டாம் வரியிலேயே கையைத் தூக்கி, டீச்சர், தாத்தா சார் என்ன தப்புப் பண்ணாரு என்று கேட்டாளாம். உன் தங்கை கடிதத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தாளாம், அதில் அதற்குப் பதில் எழுதியிருக்கும் என்பது போல. பிறகு அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, எல்லாரும் அவங்கவங்க கூடையை எடுத்துட்டு வெளிய வாங்க என்றிருக்கிறாள். அன்றிலிருந்து வாசிப்பு நேரம் வராந்தாவில்தான் நடக்கிறது, கை கழுவும் தொட்டிக்கு அந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்து. அலமாரிக்குப் பூட்டு வந்துவிட்டது, பித்தளைப் பெயரைத் தினமும் பியூன் துடைக்கிறார், உள்ளே அது பாட்டுக்கு நாறிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்து, வேணும்னா நீங்களே போய்க் கொடுங்கப்பா, என்னால முடியாது என்றாள். என்னாலும் முடியாது என்றேன். உன் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்ப இந்த மாசத்திலிருந்து பால் அரை லிட்டர் குறைச்சுச் சொல்லிடறேன் என்றாள். அப்போதுதான் உன் தங்கை சிரித்தாள், கொஞ்சம் அழுகையும் இருந்தது.

குழு அடுத்த வாரம் கூடுகிறது. அவள் பெயர் அதில் இருக்காது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அவள் போன் செய்தால் முதலில் என்னைத் திட்டட்டும், குறுக்கே பேசாதே. அதற்கப்புறம், நான் பண்ணினது சரியா அக்கா என்று கேட்பாள். அதற்கு நீ பதில் சொல்லிவிடு, நானும் உன் அம்மாவும் சொன்னால் பெற்றவர்கள் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வாள். உன் வாயால் கேட்டால் நம்புவாள்.

நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. பேரன் எந்தக் குறையும் இல்லாமல் வளர வேண்டும், நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் குரல் உயராமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்பதே இந்தக் கிழவனின் ஆசி. ஒரே ஒரு விஷயம் மறக்காதே. பேரன் படித்து முடித்த பழைய புத்தகங்களைப் பெட்டி கட்டி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே அம்மா. அவனிடம் போய், எந்தப் புத்தகத்தைக் கேட்டால் தர மாட்டேன் என்று அழுவாய் என்று கேள். அவன் காட்டுகிற புத்தகத்தை அவனிடமே விட்டுவிட்டு, அதே போல இன்னொன்று கடையில் புதிதாக வாங்கி அனுப்பு. ஒன்று போதும். வராந்தாவில் படிக்கும் தும்மல் பெயருக்கு அனுப்பு.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
அப்பா